பம்பை நிறுத்துங்க

அத்தியாயம் 14

இருபத்தாறு நாளாக அந்த வீட்டு ஹாலில் ஒரு கால் மட்டும் தனி மரியாதையோடு வாழ்ந்துகொண்டிருந்தது. அதற்கு இரண்டு தலையணை, மடித்துப் போட்ட ஒரு போர்வை, பக்கத்திலேயே ஒரு டேபிள் ஃபேன். காலுக்குச் சொந்தக்காரரான கான்ட்ராக்டர் அதற்குப் பின்னால் எங்கேயோ சாய்ந்து கிடந்தார்.

இருபது வருஷம் சாரத்தின் மேல் வெறுங்காலோடு நடந்த மனுஷன். நான்காவது மாடி விளிம்பில் நின்று டீ குடித்தவர். அவர் விழுந்தது சொந்த வீட்டுச் சமையலறை ஸ்டூலிலிருந்து, ஒரு பல்பை மாற்றப் போய். பார்க்க வந்தவர்கள் முதலில் அவர் முகத்தைப் பார்த்து வருத்தப்பட்டார்கள். பிறகு ஸ்டூலைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

அவர் எழுந்து நடக்கும்வரை கட்டட வேலையை யார் பார்ப்பது என்ற பேச்சு வீட்டுக்குள் மூன்று வாரம் இழுத்து, போன வாரம்தான் ஒரு முடிவுக்கு வந்தது. தம்பி படித்தவன். இன்ஜினியர். அவன் பார்த்துக்கொள்வான். கான்ட்ராக்டரின் மனைவி கூட நின்று உதவி செய்வாள்.

உதவி. அந்த வார்த்தையை அவளே பதினோரு வருஷமாகச் சொல்லிவருகிறாள். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யார் கேட்டாலும், "வீட்டுக்காரருக்குக் கூடமாட ஒத்தாசை" என்பாள். கேட்டவர்களும் தலையாட்டிவிட்டு, குழந்தைகள் எத்தனை என்று அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள்.

முதல் தடவை அவள் கட்டட வேலை நடக்கும் இடத்துக்குப் போனது, அவர் மறந்துவிட்டுப் போன கண்ணாடியைக் கொடுக்க. வரைபடத்தில் பொடிப்பொடியாக இருந்த எண்களைப் படிக்க அவர் திணறிக்கொண்டிருந்தார். இவள் வாங்கிப் படித்துக் காட்டினாள். மறுநாளும் கூப்பிட்டார். முதல் வருஷம் எண்களைப் படித்தாள். இரண்டாவது வருஷம், இது ஏன் இங்கே இவ்வளவு கனமாக இருக்கிறது என்று கேட்க ஆரம்பித்தாள். ஐந்தாவது வருஷம், வரைந்தவரே விட்டுவிட்ட ஒரு பீமைக் கண்டுபிடித்தாள். அதை அவரிடம் சொன்னாள். அவர் போய் அந்த இன்ஜினியரிடம் சொன்னார். இன்ஜினியர் அவருக்குக் கை கொடுத்தார். அவளுக்கு அது தப்பாகவே தெரியவில்லை.

கொழுந்தன் காலேஜ் விடுமுறையில் வேலை பழக வந்தபோது, "அண்ணி, அண்ணி" என்று பின்னாலேயே சுற்றினான். அதைக் கேட்டுக் கேட்டு வேலையாட்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்து, அவளுடைய அப்பா வயதில் இருந்த மேஸ்திரிக்குக்கூட அவள் அண்ணியாகிவிட்டாள்.

அந்த அண்ணி இன்றைக்கு விடிவதற்கு முன்பே எழுந்துவிட்டாள். கணவருக்கு முதல் டீ. மாத்திரை. எட்டிப் பிடிக்கும் தூரத்தில் தண்ணீர்ப் பாட்டில். இன்று இரண்டாவது மாடித் தளத்துக்குக் கான்கிரீட் போடும் நாள்.

கான்ட்ராக்டர் படுக்கையிலிருந்தே உத்தரவுகளை அடுக்கினார். கலவை லாரி ஏழு மணிக்கு வரும், சந்து முனையில் திரும்பச் சிரமப்படும், ஒரு ஆளை நிறுத்து. வைப்ரேட்டர் இரண்டும் ஓடுகிறதா பார். ஆட்களுக்குப் பத்து மணிக்கு டீ. எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, கடைசியாக, "சின்னவன் சொல்றபடி செய். நீ சும்மா கூட நின்னா போதும்" என்றார்.

அவள் சரி என்றாள். பழக்க தோஷத்தில் வந்த சரி அது.

---

கட்டடம் ஒரு டீச்சருடையது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கீழே அவர் குடியிருக்க ஒரு வீடு. மேல் இரண்டு மாடியிலும் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தப்போகிறார். ஒவ்வொரு மாடியிலும் வாசல்பக்கம் ஐந்தடிக்குத் துருத்திக்கொண்டு ஒரு பால்கனி. வகுப்பு விட்டதும் பிள்ளைகள் அங்கே நின்று, கூட்டிப்போக வரும் பெற்றோரை எட்டிப் பார்க்கட்டும் என்று டீச்சர் ஆசையாகக் கேட்டு வாங்கிய பால்கனி.

அவள் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறே கால். கான்கிரீட்டை மேலே ஏற்றும் பம்பு வண்டி தன் நீளமான கையை மாடிக்கு மேல் நீட்டி நின்றிருந்தது. கொழுந்தன் புது ஹெல்மெட்டோடு மேலே இருந்தான். காதில் போன். லாரிக்காரர்களை விரட்டிக்கொண்டிருந்தான்.

அவள் வழக்கம்போல ஒரு சுற்று வந்தாள். தளத்தைத் தாங்கி நின்ற முட்டுகளில் ஒன்று தட்டினால் ஆடியது. ஆப்பை அடித்து இறுக்கச் சொன்னாள். பலகை இடுக்கு ஒன்றில் சிமென்ட் பால் ஒழுகும் என்று தோன்றியது. ஒரு சாக்குத் துண்டை மடித்துத் தானே அடைத்தாள். பீம் கம்பி பலகையில் படாமலிருக்க அடியில் வைக்கும் கட்டை இரண்டு இடத்தில் நழுவியிருந்தது. குனிந்து தள்ளிவிட்டாள். இதையெல்லாம் செய்கிறோம் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை. நடக்கிற வழியில் கிடக்கும் துணியை எடுத்துக் கொடியில் போடுவதைப்போல.

பால்கனிக்கு வந்ததும் நின்றுவிட்டாள்.

ஒரு பக்கம் மட்டும் பிடிமானம் உள்ள தளம் அது. மறுபக்கம் அந்தரத்தில் நிற்கும். அதன்மேல் பாரம் ஏறினால் மேல்பக்கம்தான் இழுபடும். அதனால் முக்கியமான கம்பிகள் மேலே இருக்கவேண்டும். கீழே இருந்தால் அவை இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். மேல்கம்பியைத் தூக்கி நிறுத்துவதற்கென்றே கம்பித் துண்டுகளை வளைத்துச் சின்ன நாற்காலிபோலச் செய்து வைப்பார்கள். கம்பி வேலைக்காரர்கள் பாஷையில் அதற்குப் பெயரே சேர்.

அவளிடம் இதற்கு ஓர் அளவு உண்டு. பலகைமேல் முஷ்டியை நிறுத்திக் கட்டைவிரலை நிமிர்த்தினால், விரல் நுனி மேல்கம்பியைத் தொடவேண்டும். இப்போது நிறுத்திப் பார்த்தாள். கம்பி அவளுடைய முஷ்டியின் பாதிக்குக்கூட வரவில்லை. நகர்ந்து நகர்ந்து எட்டு இடத்தில் வைத்துப் பார்த்தாள். அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலைந்து சேர் நசுங்கிக் கிடந்தது. மற்ற இடத்தில் எதுவுமே இல்லை. முந்தின நாள் மின்சாரக் குழாய் பதித்தவர்கள் மேலேயே நடந்து மிதித்திருக்கிறார்கள்.

கொழுந்தனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் வரைபடத்தைத் திறந்து கம்பிகளை எண்ணினான். எண்ணிக்கை சரியாக இருந்தது, இடைவெளியும் சரியாக இருந்தது. கொஞ்சம் இறங்கியிருப்பது உண்மைதான் என்று ஒத்துக்கொண்டான். கான்கிரீட் விழும்போது ஆட்களை வைத்துக் கொக்கியால் தூக்கிவிட்டுக்கொள்ளலாம், எல்லா இடத்திலும் அப்படித்தான் செய்கிறார்கள், இதற்காகப் பயப்படவேண்டாம் என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். சொல்லும்போதே போன் அடித்தது. முதல் லாரி சந்து முனைக்கு வந்துவிட்டது.

அவன் சொன்ன விதத்தில் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. நான்கு வருஷம் படித்தவன். இரண்டு வருஷம் பெரிய ஆபீஸில் இருந்தவன். புத்தகத்தில் வேறு மாதிரி இருக்குமோ என்னவோ. தான் படித்தது என்ன, மற்றவர்கள் பேசியதைக் காதில் வாங்கியதுதானே.

ஓரமாகப் போய்க் கணவருக்குப் போன் செய்தாள்.

அவர் முழுதாகக் கேட்கவில்லை. "அவன் பார்த்துப்பான். நீ ஆளுங்க முன்னாடி குறுக்க பேசாத, அவனுக்கு மரியாதை போயிடும்" என்றார். பிறகு, தலையணை நழுவிவிட்டதென்றும் எடுத்து வைக்க ஆளில்லை என்றும் சொன்னார்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் மேஸ்திரி நிற்கிறார். பம்பின் குழாயைப் பின்பக்க மூலைக்குக் கொண்டுபோய்த் தயாராக வைத்துவிட்டு வந்திருந்தார்.

"ஊத்தலாமா, அண்ணி?"

எத்தனையோ தடவை கேட்ட கேள்விதான். அவர் இந்தக் கேள்வியை எப்போதும் தன்னைப் பார்த்தே கேட்டிருக்கிறார் என்பது இன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. ஒவ்வொரு தடவையும் அவள் வலப்பக்கம் திரும்பிக் கணவரைப் பார்ப்பாள். அவர் தலையாட்டுவார். இன்றும் கழுத்து தானாக வலப்பக்கம் திரும்பியது. அங்கே வெயில் விழுந்த பலகை மட்டும் இருந்தது.

"ஊத்துங்க ஊத்துங்க, வண்டி வந்தாச்சு" என்று கொழுந்தன் அந்தக் கோடியிலிருந்து சொன்னான்.

பம்பு உறுமியது.

---

பின்பக்கத்திலிருந்து வாசல்பக்கம் வர இரண்டரை மணி நேரம் ஆகும். அந்த நேரம் முழுக்க அவள் வேலை செய்தாள். கலவையை அதிரவைத்து இறக்கும் வைப்ரேட்டரை ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டிருந்த ஆளை நகர்த்தினாள். ஒரு லாரிக் கலவை தண்ணீராக இருப்பதைக் கீழே விழும் சத்தத்திலேயே கண்டு, திருப்பி அனுப்பச் சொன்னாள். கொழுந்தன் போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஆமாம் அண்ணி என்று திருப்பி அனுப்பினான். கண்மட்டும் பால்கனிக்குப் போய்ப் போய் வந்தது.

ஒன்பதே முக்காலுக்குக் கான்கிரீட் வாசல்பக்க பீமைத் தாண்டியது. இரண்டு பேர் கொக்கியோடு பால்கனியில் இறங்கினார்கள். ஒருவன் கம்பியைத் தூக்கினான். தூக்கின இடத்துக்குப் பக்கத்திலேயே அவனுடைய பூட்ஸ் அழுந்தி நின்றது. குழாயைப் பிடித்தவர்கள் மூன்று பேர் பின்னாலேயே வந்தார்கள். ஆறு கால் கம்பிமேல் ஏறியது. தூக்கினது அத்தனையும் அப்படியே அமுங்கியது. இன்னும் இரண்டு நிமிஷம். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் கலவை மூடிவிடும். மேலே கரணை போட்டு வழவழவென்று தேய்த்துவிடுவார்கள். பார்க்க மிக அழகாக இருக்கும்.

கீழே தெருவில் டீச்சர் குடை பிடித்து நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் மனதுக்குள் ஒரு கணக்கு ஓடியது. பதினோரு வருஷத்தில் எத்தனை தளம்? முதலாவது, அந்த மாவு மில் கூரை. பிறகு இரட்டை வீடு. பிறகு கிளினிக். ஒவ்வொன்றாக வந்தது. நாற்பத்து மூன்று. நாற்பத்து மூன்று தளத்துக்கும் கான்கிரீட் விழுவதற்கு முன் அவள் குனிந்து நடந்து பார்த்திருக்கிறாள். அதில் பால்கனி மட்டும் முப்பதுக்குமேல் இருக்கும். அவற்றில் ஒன்றைக்கூட இந்த நிலையில் அவள் விட்டதில்லை. எனக்குத் தெரியாது என்று இனி எந்த வாயால் சொல்வது?

"பம்பை நிறுத்துங்க" என்றாள்.

இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. பலகைமேல் ஏறி நின்றாள்.

"மேஸ்திரி, பம்பை நிறுத்துங்க. பால்கனியிலேர்ந்து எல்லாரும் வெளிய வாங்க."

கொழுந்தன் ஓடிவந்தான். முகம் சிவந்திருந்தது. வெளியே இரண்டு லாரி நிற்கிறது, இந்த வெயிலில் கலவை இறுகிவிடும், போட்ட இடத்துக்கும் போடாத இடத்துக்கும் நடுவில் ஒட்டாமல் போய்விடும், இதெல்லாம் தெரிந்துதான் பேசுகிறீர்களா என்று கேட்டான். கடைசியில், "இங்க இன்ஜினியர் நான்தானே, அண்ணி" என்றான்.

மேஸ்திரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். குழாய் பிடித்தவர்கள் நடுவில் சிக்கிக்கொண்டார்கள்.

"ஆமா, இன்ஜினியர் நீதான்" என்றாள் அவள். குரல் அவள் எதிர்பார்த்ததைவிடத் தாழ்வாகவே வந்தது. "நான் சொல்றதுக்குப் புத்தகத்துல என்ன பேருன்னு எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். வா, வந்து கையை வச்சுப் பாரு. பார்த்துட்டு ஊத்தலாம்னு சொல்லு, நான் இறங்கிப் போயிடறேன்."

மேஸ்திரி கையைத் தூக்கினார். பம்பு நின்றது. திடீரென்று வந்த அமைதியில் தெருவில் போகும் சைக்கிள் மணிகூடக் கேட்டது.

கொழுந்தன் மண்டியிட்டு உட்கார்ந்தான். அவள் சொன்ன மாதிரி முஷ்டியை நிறுத்திக் கட்டைவிரலை நிமிர்த்தினான். பிறகு பையிலிருந்து டேப்பை எடுத்து அளந்தான். இன்னொரு இடத்தில் அளந்தான். மூன்றாவது இடத்துக்குப் போகும்போது அவனுடைய முதுகின் விறைப்பு தளர்ந்துவிட்டது. அவன் மக்கு இல்லை. காலையில் அவன் எண்ணினானே தவிர, அளக்கவில்லை. அவ்வளவுதான்.

"இங்க பிள்ளைங்க நிக்கப்போறாங்க" என்றாள் அவள்.

அவன் எழுந்தான். "என்ன பண்ணலாம், அண்ணி?"

நிறுத்துவது பெரிய விஷயமில்லை. நிறுத்திய கான்கிரீட்டைக் காப்பாற்றுவதுதான் விஷயம். அது அவளுக்குத் தெரிந்திருந்தது. கேள்வி வந்ததும் பதில் தானாக வரிசை கட்டி வந்தது. மாடிப்படிப் பக்கம் இன்னும் ஒரு துண்டு பாக்கி இருக்கிறது. குழாயை அங்கே திருப்பு. நிற்கிற இரண்டு லாரியும் அங்கே காலியாகட்டும். மூன்றாவது லாரி பத்தரைக்குக் கிளம்பினால் போதும் என்று சொல். பால்கனியை ஒட்டின விளிம்பில் கலவை காயக்கூடாது, ஈரச் சாக்கைப் போட்டு மூடு, இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை இரண்டு சட்டி புதுக் கலவை அங்கே போட்டுக் கிளறிக்கொண்டே இரு. கம்பிக்காரர்கள் நாலு பேரும் கீழே கிடக்கிற துண்டுக் கம்பிகளை எடுத்துச் சேர் வளைக்கட்டும். அறுபது வேண்டும். ஒரு மணி நேரம் இருக்கிறது.

"நாலு பேர் ஒரு மணி நேரத்துல அறுபது முடிக்க மாட்டாங்க" என்றான் கொழுந்தன்.

"அஞ்சு பேர்னா முடியும்."

அவன் ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டு கீழே ஓடினான். சட்டைக் கையை மடித்துக் கம்பி வளைக்கும் மேஜையில் ஐந்தாவது ஆளாக நின்றான். அவன் வளைத்த முதல் மூன்று சேரும் ஒரு பக்கம் நொண்டின. கம்பிக்காரர் ஒருவர், வீட்டிலே ஒருத்தர் நொண்டுவது போதாதா என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். நாலாவது நேராக வந்தது.

அவள் பால்கனியை விட்டு நகரவில்லை. சேர் வரவர வரிசையாக வைத்து, கம்பியைத் தூக்கி, ஒவ்வொன்றையும் கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டினாள். நகத்துக்குள் சிமென்ட் ஏறியது. நடக்கிறவர்கள் கம்பியை மிதிக்காதபடி மேலே குறுக்காகப் பலகை போடச் சொன்னாள். பதினொன்று ஆவதற்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கடைசி வரிசை முடிந்தது. முஷ்டியை நிறுத்தினாள். கட்டைவிரல் நுனியில் கம்பி தட்டியது.

"இப்ப ஊத்துங்க" என்றாள். வலப்பக்கம் திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

டீச்சர் படியேறி வந்தது அப்போதுதான். கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் பம்பு வாசல்பக்கம் வராததைப் பார்த்து, ஏதோ தப்பு என்று நினைத்துவிட்டார். பள்ளிக்கூடத்தை நடத்திப் பழகிய குரலில், இங்கே பொறுப்பு யார், அவரிடம் பேசவேண்டும் என்றார். கொழுந்தன் மேஸ்திரியைப் பார்த்தான். மேஸ்திரி குழாயைப் பார்த்தார்.

"நான்தான் பொறுப்பு" என்றாள் அவள்.

பிறகு நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். கம்பி இறங்கியிருந்தது, ஊற்றத் தொடங்கும் முன்பே அவள் பார்த்துவிட்டாள், அப்போதே நிறுத்தாதது அவளுடைய தப்பு, இப்போது சரிசெய்தாகிவிட்டது. டீச்சர் பால்கனியை எட்டிப் பார்த்தார். புதுக் கலவை மெதுவாகப் பரவிக்கொண்டிருந்தது.

"எத்தனை பிள்ளைங்க நிக்கலாம்?"

"எத்தனை பேர் நெருக்கியடிச்சு நின்னாலும் தாங்கும், டீச்சர்."

டீச்சர் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு குடையை மடக்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

---

வீட்டுக்குத் திரும்பும்போது மாலை ஐந்தரை. வெயில் இன்னும் ஜன்னலில் இருந்தது. செய்தி அவளுக்கு முன்பே வீடு வந்து சேர்ந்திருந்தது. யாரோ லாரிக்காரர் சொல்லியிருக்கிறார். கான்ட்ராக்டர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"யாரைக் கேட்டு நிறுத்தின?"

"யாரையும் கேக்கல. பார்த்தேன், நிறுத்தினேன்."

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே."

"காலையில பண்ணினேன்."

அவர் ஃபேனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு கம்பி எவ்வளவு இறங்கியிருந்தது என்று கேட்டார். சொன்னாள். விளிம்பைக் காயாமல் எப்படி வைத்திருந்தாய் என்று கேட்டார். அதையும் சொன்னாள். சேர் எத்தனை, என்ன கம்பி, பலகை போட்டாயா. ஒவ்வொன்றாகக் கேட்டார். அவள் செருப்பைக் கழற்றாமல் நின்றபடியே பதில் சொன்னாள். தொழில் தெரிந்த இரண்டு பேர் பேசிக்கொள்ளும் பேச்சாக அது மாறிப்போனதை இருவரும் கவனித்தார்கள். இருவரும் காட்டிக்கொள்ளவில்லை.

கடைசியில் அவர் கட்டுப் போட்ட காலைப் பார்த்தபடி பேசினார்.

"ஊத்தறதுக்கு முன்னாடி நீ எப்பவும் ஒரு சுத்து வருவ இல்ல. வந்துட்டு நீ பேசாம நின்னா நான் தலையாட்டுவேன். உன் மூஞ்சி ஒரு மாதிரி இருந்தா, டீ குடிச்சிட்டு ஆரம்பிக்கலாம்னு ஆளுங்ககிட்ட ஏதாவது சாக்கு சொல்லுவேன். அதுக்குள்ள நீயே போய்ச் சரிபண்ணிடுவ."

அவளுக்கு எத்தனையோ டீ நேரங்கள் ஞாபகத்துக்கு வந்தன. அவர் டீப் பைத்தியம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

சந்தோஷப்படவேண்டிய இடம்தான். வந்தது கோபம்.

"பதினோரு வருஷம். ஒரு தடவை என்கிட்ட சொல்லியிருக்கலாம்" என்றாள்.

பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்து கையை நீட்டினாள். நகக்கண்ணில் இறுகிப்போன சிமென்ட் லேசில் வரவில்லை. ஊசியால் கிளறிக்கொண்டே இன்றைய வேலையை மனதுக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். கம்பிக்காரர்கள் வேண்டுமென்று செய்தவர்கள் இல்லை. யாரும் சேர் கேட்கவில்லை, அவர்களும் வைக்கவில்லை. எப்போதும் கேட்கிறவள் அவள்தான். அவள் இல்லாவிட்டால்?

ஊசி நின்றது.

முதல் மாடித் தளத்துக்குக் கான்கிரீட் போட்ட அன்று அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில், கணவருடைய எக்ஸ்ரே உறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதே கம்பிக்காரர்கள். அதே பால்கனி, ஒரு மாடி கீழே.

ஈரக் கையோடு கொழுந்தனுடைய அறைக் கதவைத் தட்டினாள். அவன் அப்போதுதான் குளித்துவிட்டு வந்திருந்தான்.

"கீழ் மாடி பால்கனிக்கு அன்னைக்கு சேர் வச்சீங்களா?"

அவன் துண்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். ஞாபகம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு மாற்றிக்கொண்டான்.

"வைக்கல, அண்ணி. கொக்கி போட்டுத்தான் தூக்கினோம்." பிறகு இன்னும் மெதுவாக, "அதுக்கு அடியில இருக்கிற முட்டுகளையெல்லாம் நாளைக்குக் காலையில எடுக்கச் சொல்லியிருக்கேன்" என்றான்.

இன்றைக்குப் போட்ட பால்கனியின் மொத்தப் பாரமும் அந்தக் கீழ் பால்கனியின் தலையில்தான் இறங்கி நிற்கிறது. அதைத் தாங்கிக்கொண்டிருப்பது அந்த முட்டுகள். அவள் ஏற்கெனவே மேஸ்திரியின் எண்ணை அழுத்தியிருந்தாள்.

மேஸ்திரி உடனே எடுத்தார். பின்னணியில் சுத்தியல் சத்தம் கேட்டது.

"முட்டுங்களா, அண்ணி? தம்பி அவசரம்னு சொல்லியிருந்தாரே. நாளைக்கு எதுக்குன்னு இப்பவே ஆரம்பிச்சிட்டோம். பாதி எடுத்தாச்சு."

"நிறுத்துங்க" என்றாள். காலையில் சொன்னதைவிட எளிதாக வந்தது. "சுத்தியலைக் கீழ வைக்கச் சொல்லுங்க. மீதி முட்டுகளை யாரும் தொடக்கூடாது. பால்கனிக்கு மேலயும் கீழயும் ஒரு ஆள் நிக்கக்கூடாது. டீச்சரை வாசல்பக்கம் வரவேண்டாம்னு சொல்லுங்க. எடுத்த முட்டுகளையெல்லாம் தூரமா அடுக்கி வைங்க, நான் வந்து சொல்ற இடத்துல சொல்ற மாதிரி திரும்ப நிறுத்தலாம். நான் கிளம்பிட்டேன்."

கொழுந்தன் சட்டையை மாட்டிக்கொண்டு வண்டிச் சாவியை எடுத்தான். அவள் ஹாலைக் கடந்து போகும்போது கான்ட்ராக்டர் கையை ஊன்றி எழப் பார்த்தார், முடியாமல் உட்கார்ந்தார். என்ன நடந்தது என்று அவருக்கு யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. பேச்சு முழுக்கக் காதில் விழுந்திருந்தது.

"நான் என்ன பண்ணட்டும்?" என்றார்.

அவள் செருப்பை மாட்டியபடியே யோசித்தாள்.

"வரைஞ்சு கொடுத்த இன்ஜினியருக்குப் போன் பண்ணுங்க. கான்கிரீட்டுக்குள்ள கம்பி எங்க இருக்குன்னு பார்க்கிற கருவியை எடுத்துக்கிட்டு உடனே வரச் சொல்லுங்க. யார் கேக்கறதுன்னு கேட்டா, நான் கேட்டேன்னு சொல்லுங்க."

அவர் போனை எடுத்தார். வாசலில் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.